இரண்டேகாலுக்குக் கிளம்பும் சந்து

சான் ரோக்கே சந்து தன் இடத்தைவிட்டு எழுந்துபோகத் தொடங்கிய நாலாவது மாதத்தில், மே மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில், தூத்துக்குடிக்காரி ரினிட்டா மிராந்தா புவெனஸ் ஐரிஸ் நகரத்துப் பேருந்து நிலையத்தில் முதுகுப்பையோடு வந்து இறங்கினாள். அங்கிருந்து நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ரொசாரியோ என்ற ஊரில் அவள் உணவுத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெயருக்கு ஜெபமாலை என்று அர்த்தம் என்பதைக் கேட்ட பிறகுதான் அவளுடைய அம்மா கடல் தாண்டி அனுப்பச் சம்மதித்திருந்தாள். வந்து பதினாலு மாதமாகிறது. அதற்குள் ரினிட்டா ஐந்து முறை அறை மாற்றிவிட்டாள். சனிக்கிழமை விடிந்தால் அவளுக்கு உள்ளங்கால் குறுகுறுக்கும்; ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, பெயர் தெரியாத ஏதாவது ஒரு ஊரில் இறங்கி, பொழுது சாயும்வரை நடந்தால்தான் அடங்கும். சுற்றுவட்டாரத்துச் சின்ன ஊர்கள் எல்லாம் தீர்ந்துபோய், மிச்சமிருந்தது இந்தப் பெருநகரம்தான்.

அறை எடுத்திருந்த விடுதிக்கு அவள் போன் செய்தபோது, அதை நடத்தும் எல்விரா என்ற அம்மாள், "இப்ப மணி என்ன?" என்று கேட்டாள்.

"ஒன்பதரை."

"அப்போ நேரமிருக்கு. இன்னிக்கு நாங்க கல்லறைத் தோட்டத்துப் பின்மதிலை ஒட்டி இருக்கோம். ரெண்டு மணிக்குள்ள வந்துடு. அதுக்கப்புறம் எங்க இருப்போம்னு எனக்கே தெரியாது."

தன்னுடைய ஸ்பானிஷ்தான் எங்கேயோ தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டு ரினிட்டா கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். பின்மதிலை ஒட்டி, இரண்டு பக்கமும் பதினொன்று பதினொன்றாக இருபத்திரண்டு வீடுகளும், முனையில் ஒரு ரொட்டிக்கடையும், நடுவில் ஒரு முடிதிருத்தும் கடையுமாகச் சந்து இருந்தது. முடிதிருத்தும் கடைக்காரி நெலிதா வாசலில் நின்றபடி, தலையில் சாயம் பூசி உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரை உள்ளே காக்கவைத்துவிட்டு, வந்திருக்கும் புதுப்பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால் அவளுடைய குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

ஜனவரி மாதத்தில் ஒரு மதியம், ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற வேளையில், இரண்டேகால் மணிக்கு, இருபத்திரண்டு வீட்டு அலமாரிகளிலும் தட்டுகள் லேசாகக் கிணுகிணுத்தன. எழுந்துபோய் எட்டிப் பார்த்தவர்கள், சந்து முனையில் இருக்கவேண்டிய மருந்துக்கடைக்குப் பதிலாக ஒரு ரயில்பாலம் இருப்பதைக் கண்டார்கள். மறுநாள் அதே நேரத்துக்கு ரயில்பாலம் போய் ஒரு மாட்டுச் சந்தை வந்தது. அன்றிலிருந்து தினம் இரண்டேகாலுக்குச் சந்து கிளம்பி, நகரத்துக்குள்ளேயே வேறெங்காவது போய் உட்காரும். பஸ் இருக்கையில் இன்னொருவர் உட்கார நெருக்கிக்கொண்டு இடம் விடுவதுபோல், அக்கம்பக்கத்துத் தெருக்கள் சற்று ஒதுங்கிக்கொள்ளும். விட்டுவந்த இடத்தில் மதிலும் மதிலும் சேர்ந்துகொள்ளும், நடுவே ஒரு பூனை நுழையக்கூட இடைவெளி இருக்காது.

முதல் வாரம் அழுதார்கள், இரண்டாவது வாரம் சண்டை போட்டார்கள், மூன்றாவது வாரத்தில் நெலிதாவின் கையில் ஒரு மணியைக் கொடுத்து, தினமும் இரண்டு மணிக்கு அதை அடிக்கச் சொன்னார்கள். வெளியே போனவர்கள் அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்துவிட வேண்டும், தவறினால் போன் செய்து, எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்து சேர வேண்டும். மாநகராட்சியிலிருந்து வந்த இரண்டு பேர் நாடாவைப் பிடித்துச் சந்தின் நீளத்தை அளந்துகொண்டிருந்தபோதே மணி இரண்டேகால் ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து அவர்கள் அலுவலகத்தைக் கூப்பிட, அந்த வட்டாரம் உங்கள் பொறுப்பில் வராது என்று பதில் வந்தது. எல்விரா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அவர்கள் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்கள். ரொட்டிக்கடைக்காரருக்கு மட்டும் வியாபாரம் பெருகியது. கால்பந்துதான் சிக்கல், தங்கள் அணிக்கு ஜென்மப் பகையான அணியின் பேட்டையில் சந்து போய் உட்கார்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்கனிகளில் தொங்கிய கொடிகளையெல்லாம் சத்தம் காட்டாமல் உள்ளே இழுத்துக்கொண்டு, எல்லோரும் அன்று முழுக்க ஜன்னலை மூடிவைத்து, மூச்சுவிடாமல் வானொலி கேட்டார்கள்.

"எங்கள்ல ஒருத்தராலதான் இன்னும் வந்து சேர முடியல" என்றாள் நெலிதா. "எல்விராவோட புருஷன், ரூபென். பாவம், மூட்டு வலி. அதைப் பத்தி அவகிட்ட நீயாக் கேட்காதே, அவளே சொல்லுவா."

எல்விரா சொல்லவும் செய்தாள். அறையைக் காட்டி, குழாயில் எந்தப் பக்கம் திருகினால் சுடுதண்ணீர் வரும் என்று காட்டி, இரும்பு உறிஞ்சுகுழல் வைத்த சுரைக்குடுவையில் மாத்தே என்னும் கசப்புப் பானத்தை ஊற்றி நீட்டியபடி சொன்னாள். சந்து முதன்முதலாகக் கிளம்பிய அன்று ரூபென் பாய்லருக்கு ஒரு வால்வு வாங்கிவரப் போயிருந்தார். திரும்பி வந்தபோது சந்து இல்லை. அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்குப் போன் செய்கிறார், இவள் இடத்தைச் சொல்கிறாள், அவர் கிளம்பி வருகிறார், வந்து சேர்வதற்குள் சந்து போய்விடுகிறது.

"நீங்க போய்ப் பார்க்கலாமே, அவர் இருக்கிற இடத்துக்கு?"

"நான் போற நேரம் பார்த்து ரூபென் வந்துட்டா?" என்றாள் எல்விரா.

நாலு மாதமாக அவள் ரொட்டிக்கடையைத் தாண்டி ஒரு அடி வெளியே வைத்ததில்லை. சந்து அவளை நகரத்தின் எல்லா மூலைகளுக்கும் தூக்கிச் சென்றது. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை, முனையில் திரும்பும் ஆட்களின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

அன்று இரண்டேகாலுக்கு ரினிட்டா கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தாள். மேசைமேல் இருந்த தண்ணீரில் ஒரு வட்டம் எழுந்து அடங்கியது. அவ்வளவுதான். எட்டிப் பார்த்தால் கல்லறை மதில் இல்லை. மரங்கள் அடர்ந்த ஒரு சின்னப் பூங்காவும், அதற்கப்பால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும், கரை தெரியாத அகலத்தில் செம்மண் நிறத்து ஆறும் இருந்தன. ரினிட்டா காலணியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பொழுது சாயும்வரை நடந்தாள். தகரச் சுவர்களுக்குக் கப்பல்களில் மிஞ்சிய சாயத்தைப் பூசியிருந்த வீடுகளைப் பார்த்தாள், இரும்புப் பாலத்தில் ஏறி நின்று ஆற்றின் எண்ணெய் வாசனையை முகர்ந்தாள், ஒரு கிழவர் ஏழு நாய்களை ஒரே கயிற்றில் கட்டி இழுத்துப் போவதைப் பின்தொடர்ந்து வழி தவறினாள். இரவு படுக்கும்போது கால் வலித்தது, குறுகுறுப்பு அடங்கவில்லை. நடந்து தீர்க்கிற ஊரல்ல இது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்விராவின் போன் அடித்தது. கையில் மாவு ஒட்டியிருந்ததால் அவள் எதிர்முனைக் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி அதை மேசைமேல் வைத்துப் பேசினாள்.

"துறைமுகத்துப் பக்கம், ரூபென். பூங்காவுக்கு எதிர்ல."

"அது தூரமாச்சே" என்றது அந்தக் குரல். "ரெண்டு பஸ் மாறணும். பார்க்கிறேன்."

அப்போது வெளியே, உருளைக்கிழங்கு வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனான். கிலோவுக்கு இவ்வளவு, சின்னது பெரியது என்று பார்க்காமல் அள்ளிக்கொள்ளலாம் என்ற அந்தக் கூவல் ஜன்னல் வழியாகவும் வந்தது, போன் வழியாகவும் வந்தது. எல்விரா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. ரினிட்டாவுக்குக் கேட்டது.

ரொட்டிக்கடையைத் தாண்டி, சாலையைக் கடந்து, அவள் பூங்காவுக்குள் போனாள். மூன்றாவது பெஞ்சில், பழுப்புக் கோட்டு போட்ட ஒரு பெரியவர், போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் எல்விராவின் சமையலறை ஜன்னல் தெளிவாகத் தெரிந்தது.

"சென்யோர் ரூபென்" என்றாள் ரினிட்டா.

அவர் மறுக்கவில்லை. "நீ விடுதியில தங்கியிருக்கிற பொண்ணு. நேத்து சாயங்காலம் திரும்பி வந்தப்போ பார்த்தேன். ரொம்ப நடக்கிறே."

"நேத்தே இங்க இருந்தீங்களா?"

"நேத்து இங்க. முந்தாநாள் கல்லறைத் தோட்டம்." அவர் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே பேசினார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரே ரூட். அந்த ரூட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. சந்து போன அன்னிக்கு நெஜமாவே தேடினேன். மறுநாளும் தேடினேன். மூணாவது நாள் சரியான நேரத்துக்கு வந்துட்டேன். கண்ணு முன்னாடி சந்து நிக்குது. எல்விரா துணி காயப்போட்டுக்கிட்டிருக்கா. ஒரு கால் எடுத்து உள்ள வெக்கணும், அவ்வளவுதான். வெக்கல."

"அவங்க மேல கோபமா?"

"அவ மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதுதான் கஷ்டமே. குறை இருந்தா சொல்லிட்டுப் போயிருப்பேன்."

ரொட்டி வாங்குகிறவர்போல ரொட்டிக்கடைக்குப் போன் செய்து இடத்தைக் கேட்டுக்கொண்டு, சந்து எங்கே போகிறதோ அங்கெல்லாம் அவரும் போனார். சாயங்காலமும் மறுநாள் காலையும் அந்த வட்டாரத்தைச் சுற்றிப் பார்ப்பார், மதியம் பெஞ்சோ படிக்கட்டோ பார்த்து உட்கார்ந்து சந்து கிளம்புவதைப் பார்ப்பார், ராத்திரி தங்கையின் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார். சந்து மட்டும் இப்படி அலையாமல் இருந்திருந்தால் இத்தனை பெரிய ஊரில் தான் இருப்பதே தெரியாமல் செத்துப்போயிருப்பேன் என்றார். அதைச் சொன்னபோது அவருடைய முழங்கால் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தது.

ரினிட்டாவின் போன் அடித்தது. தூத்துக்குடியில் ராத்திரி ஏழு மணி. அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து பேசுகிற நேரம்.

"என்னட்டி, எங்க இருக்க?"

"லேப்லதாம்மா."

"ஞாயித்துக்கெழமையுமா? பெரிய லீவுக்கும் விடல, ஈஸ்டருக்கும் விடல. அப்படி என்னதான் படிப்போ."

"விடலம்மா. கூடிய சீக்கிரம் வாரேன்."

ரினிட்டா போனைப் பைக்குள் வைத்தாள். பிறகு ரூபென் கேட்டார். "யாரு?"

"அம்மா."

"எங்க இருக்கிறதாச் சொன்னே?"

தமிழில் ஒரு சொல்லும் தெரியாத மனிதர் அதைக் கேட்டார். ரினிட்டாவுக்கு முகம் சுட்டது. அந்த நாட்டில் கோடையான ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கல்லூரி இரண்டு மாதம் மூடியிருந்தது. அந்த இரண்டு மாதமும் அவள் மலையடிவாரங்களிலும் உப்புப் பாலைகளிலும் பஸ்ஸில் சுற்றியிருந்தாள். அம்மா மேல் அவளுக்கும் ஒரு குறையும் கிடையாது.

"வேலை செய்யுற இடத்துலன்னு" என்றாள்.

ரூபென் சிரிக்கவில்லை. பெஞ்சில் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். "நீ எல்விராகிட்ட சொல்ல வேண்டாம். நானே ஒரு நாள் வருவேன்."

"என்னிக்கு?"

"ஒரு நாள்."

அந்தக் குரலை ரினிட்டாவுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடைய குரல்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்விரா மூன்று தட்டு வைத்தாள். மூன்றாவது தட்டு ரூபெனுக்கு. ஞாயிற்றுக்கிழமை தோறும் வைப்பாளாம். சாப்பிட்டுக்கொண்டே, தன் தம்பி மகளுக்குப் போன மாதம் கல்யாணம் என்றும், தானே தூக்கி வளர்த்த பெண் என்றும், கடைசியில் போகாமல் விட்டுவிட்டேன் என்றும் வெகு சாதாரணமாகச் சொன்னாள். "போட்டோ அனுப்பினாங்க. நல்லா இருந்தா" என்று சொல்லிவிட்டு, ரினிட்டாவின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். ரினிட்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"அவர் எதிர்ல பூங்காவுல இருக்கார்" என்றாள். "தினமும் இருக்கார்."

எல்விரா அவளைப் பார்த்தாள். எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தை மூடினாள். "எத்தனை நாளா?"

"ஜனவரியிலேர்ந்து."

"முழங்கால் வலி?"

"இருக்கிற மாதிரி தெரியல."

நெலிதாவின் மணி அடிக்கத் தொடங்கியது. எல்விரா ஏப்ரனோடேயே படியிறங்கினாள். ரினிட்டா தன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். மணிச் சத்தத்துக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எதிர்த்திசையில் நடக்கும் எல்விராவைக் கண்டு அப்படியே நின்றார்கள். மணியின் நாவை நெலிதா கையால் பிடித்துக்கொண்டாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் எல்விராவுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"பிப்ரவரியிலேர்ந்து" என்றாள் நெலிதா.

"உங்களுக்கு?" ரொட்டிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொரு வாசலாக அவள் பார்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு வாசலிலும் கண்கள் தாழ்ந்தன. சந்து நடப்பதற்குப் பழகியதுபோலவே இதற்கும் அவர்கள் பழகியிருந்தார்கள். ரூபென் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு பக்கம் போக நேர்ந்தால் சுற்றிக்கொண்டு போவார்கள். மழை பெய்த ஒரு நாள் யாரோ குடைகூடக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். எல்விராவிடம் சொல்வது யார் என்று ஒரு கூட்டம் போட்டுப் பேசி, முடிவெடுக்காமலேயே கலைந்தார்களாம்.

எல்விரா கழுத்தில் மாட்டியிருந்த விடுதிச் சாவியைக் கழற்றி நெலிதாவின் மணிப்பிடியில் மாட்டினாள். ரொட்டிக்கடை வாசலின் கடைசித் தளக்கல்லில் ஒரு கணம் நின்றாள், ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்குகிறவள்போல ஒரு காலை முன்னால் நீட்டினாள், பிறகு சாலையைக் கடந்தாள்.

ரூபென் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏன் சொல்லல?" என்றாள் எல்விரா.

"சொன்னா நீ கூப்பிட்டிருப்பே. நீ கூப்பிட்டா நான் வந்திருப்பேன்."

அவள் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. அப்போது மணி இரண்டேகால் ஆயிற்று. மரங்களில் இலைகள் லேசாக நடுங்கின, பூங்காவுக்கு எதிரே இருந்த பழைய கிடங்குச் சுவர்கள் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டன, இருபத்திரண்டு வீடுகளும் ரொட்டிக்கடையும் நெலிதாவும் அங்கே இல்லை. அவசரமாகப் போகும்போது யாரோ கைதவறவிட்ட ஒரு ரொட்டிதான் நடைபாதையில் கிடந்தது. எல்விரா திரும்பிப் பார்க்கவில்லை என்பதை ரினிட்டா கவனித்தாள்.

எல்விரா ரூபெனிடம் கேட்டாள். "நாலு மாசமா என்னதான் பார்த்தே?"

ரூபென் சொல்ல ஆரம்பித்தார். குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் ஒரு தெருவைப் பற்றிச் சொன்னார். மாடியில் மீன் வளர்க்கும் ஒரு சீனக் குடும்பத்தைப் பற்றியும், கல்லறைத் தோட்டத்தில் மதியம் மட்டும் பாடும் ஒருத்தியைப் பற்றியும் சொன்னார். எல்விரா இடையில் குறுக்கிட்டாள். "சொல்லாதே. தம்பி பொண்ணு கல்யாணத்துக்குப் போகாத கோபம் இன்னும் எனக்குப் போகல, அது சீக்கிரத்துல போகவும் போகாது. ஆனா சொல்லாதே, காட்டு." அவள் ஏப்ரனை அவிழ்த்து மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். எந்தத் தெருவில் திரும்புவது என்று பூங்கா வாசலில் சண்டை போட்டார்கள். அவள் சொன்ன பக்கமே திரும்பினார்கள்.

ரினிட்டா வெற்றுப் பெஞ்சில் உட்கார்ந்தாள், உட்கார முடியாமல் எழுந்தாள், பூங்காவை இரண்டு முறை சுற்றினாள். பிறகு போன் செய்தாள். ஊரில் பதினொரு மணி தாண்டியிருக்கும். இரண்டாவது மணியிலேயே அம்மா எடுத்தாள்.

"என்னட்டி, இந்நேரத்துல? மேலுக்கு முடியலியா?"

"நல்லா இருக்கேம்மா. நான் லேப்ல இல்ல. காலையிலயும் லேப்ல இல்ல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "லீவு விட்டாவ. பெரிய லீவும் விட்டாவ, ஈஸ்டருக்கும் விட்டாவ. நாந்தான் வரல."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"பங்குக் கோயில்லேர்ந்து வேளாங்கண்ணிக்கு பஸ் போட்டாவ" என்றாள் அம்மா கடைசியில். "ரெண்டு தடவ. நீ திடீர்னு வந்து நின்னுருவியோன்னு நான் போவல."

"அடுத்த தடவ போம்மா. இந்த வருசம் நான் வர மாட்டேன். கோபம் ஒண்ணும் இல்ல. சும்மா சுத்திட்டு இருக்கேன்."

"அத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா."

"சொல்லிருக்கலாம்."

"சரி, வை. காலம்பற பூசைக்குப் போவணும்." அம்மா வைத்துவிட்டாள். வழக்கமாகச் சொல்லும் ஆசீர்வாதத்தைச் சொல்லாமல் வைத்தாள். அந்தப் பிணக்கு மூன்று வாரம் நீடித்தது.

அந்த மூன்று வாரத்தில் நெலிதா இரண்டு செய்திகள் அனுப்பியிருந்தாள். விடுதியை அவளே பார்த்துக்கொள்கிறாள். எல்விராவும் ரூபெனும் வாரத்தில் இரண்டு நாள், எந்த நாள் என்று சொல்லாமல், விருந்தாளிகளைப்போல வந்து தங்குகிறார்கள். வருகிற நாட்களிலும் பாதி நேரம் வாசலிலேயே நின்று சண்டை போடுகிறார்கள். சந்துக்காரர்கள் அதற்கும் பழகிவிட்டார்கள்.

ஜூன் மாதம் பங்கில் மூன்றாவது முறை பஸ் போட்டார்கள். ஜன்னலோர இருக்கைக்காக அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுவிட்டுப் போனதாகத் தூத்துக்குடியிலிருந்து சித்தி சொன்னாள். இரண்டு நாள் கழித்துப் பஸ் ஊர் திரும்பியது. அம்மா அதில் வரவில்லை. எல்லோரும் பதறிப்போய்த் தேட ஆரம்பித்தபோது, ரொசாரியோவில் ரினிட்டாவுக்குத்தான் போன் வந்தது. பின்னால் ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு கேட்டது.

"நான் நாகப்பட்டினம் ஸ்டேஷன்ல நிக்கேன்" என்றாள் அம்மா. "ஏ ரினி, இங்கேர்ந்து ரயிலு எங்கெங்கல்லாம் போவுது தெரியுமாட்டி?"